ஆசிரியராகவே வாழ்ந்த குடியரசுத் தலைவர்
மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் (1897 – 1969)

 



பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷிகளுள் பலர் பொருள் கொடுத்து விடுதலை பெற்றனர். கொடுக்கப் பொருளில்லாமல், எழுதப் படிக்க மட்டும் தெரிந்திருந்தவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வேறொரு வழி வைத்தார்கள். ஒவ்வொருவரும் மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்துவிட்டால் அதுவே மீட்புத் தொகை எனத் தீர்மானிக்கப்பட்டது. அன்றைய மதீனா செல்வம் கொழித்த ஊரன்று. முஹாஜிர்கள் வீடு வாசல் இழந்து வந்திருந்தார்கள். பள்ளிவாசலின் கூரை ஈச்ச ஓலை. அப்படிப்பட்ட வறுமையிலும் கைக்கு வரவேண்டிய பொருளுக்குப் பதிலாக ஆசிரியரைத் தேர்ந்தெடுத்த சமுதாயம் நம்முடையது. இதை நாம் மீலாது மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அதன் உட்பொருளை நம் பள்ளிக்கூடங்களின் வரவு செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறோமா என்பது தனிக் கேள்வி.

வளரும் நாடுகளின் இன்றைய கல்வி நிலையைப் பார்ப்போம். முற்காலத்தில் பள்ளிக்கூடம் இல்லை என்பதே குறையாக இருந்தது. இன்று பெரும்பாலான ஊர்களில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகளும் போகிறார்கள். ஆனால் படிப்பு ஏறவில்லை. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் 10 வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதத்தினர் ஒரு எளிய பாடத்தைப் படித்துப் பொருள் விளங்கிக்கொள்ள இயலாதவர்கள் என்று 2019இல் உலக வங்கி கணக்கிட்டது. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபின், 2022இல் அந்த மதிப்பீடு 70 சதவீதமாக உயர்ந்தது. நமது இந்தியாவின் கிராமப்புறங்களில் 2018இல் எடுக்கப்பட்ட அசர் ஆய்வு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது என்று காட்டியது. பிள்ளை ஐந்தாண்டுகள் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறது. எழுத்து அதன் நெஞ்சுக்குள் போகவில்லை.

இந்த நோயை ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு, அதற்கு மருந்து தேடுவதிலேயே தம் இளமையைச் செலவிட்ட ஒரு முஸ்லிம் பெருமகனின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவு கூர விரும்புகிறோம். நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்ற ஒற்றை வரியில் நம் பிள்ளைகள் அவரைப் பொது அறிவுத் தேர்வுக்காக மனனம் செய்கிறார்கள். அந்தப் பதவி அவருடைய வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகள் மட்டுமே. அதற்கு முன் 22 ஆண்டுகள் அவர் ஒரு ஏழைப் பள்ளிக்கூடத்தைக் காத்தவர்.

பிறப்பும் இளமையும்

டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார்கள். அவர்களின் முன்னோர் ஐக்கிய மாகாணத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயிம்கஞ்ச் என்ற ஊரில் குடியேறிய பட்டாணியர். தந்தையார் ஃபிதா ஹுசைன் கான் ஹைதராபாத்தில் வழக்கறிஞர் தொழில் நடத்திப் பேரும் பொருளும் ஈட்டியவர். 1907இல் தந்தையார் வஃபாத்தாகிவிடவே, குடும்பம் காயிம்கஞ்சுக்குத் திரும்பியது. 1911இல் அன்னையாரையும் பிளேக் நோய் கொண்டுபோனது. 14 வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த யத்தீமாக நின்றார் ஜாகிர் ஹுசைன்.

அவரைக் கைதூக்கி விட்டது எட்டாவா நகரின் இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளி. அங்கே தலைமையாசிரியராயிருந்த சையித் அல்தாஃப் ஹுசைன் என்ற நல்லாசிரியரின் நிழலில் அவர் வளர்ந்தார். யத்தீமான பிள்ளைக்கு ஒரு நல்ல ஆசிரியர் என்னவாக இருக்க முடியும் என்பதை அவர் படித்துத் தெரிந்து கொண்டவரல்லர். பட்டுத் தெரிந்து கொண்டவர். பின்னாளில் ஆசிரியப் பணிக்கு அவர் கொடுத்த மதிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மருத்துவராகும் எண்ணத்தோடு லக்னோவில் சேர்ந்தார். உடல்நலம் இடம் தராமையால் அதை விட்டுவிட்டு அலிகர் கல்லூரிக்கு வந்து பொருளாதாரம் பயின்றார். பேச்சிலும் எழுத்திலும் முதல் வரிசையில் நின்றார். அரசாங்க உத்தியோகம் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஜாமிஆவின் தோற்றம்

1920ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாடெங்கும் அலையடித்த நேரம். காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகர் வந்து, அந்நிய அரசின் உதவியில் நடக்கும் கல்வி நிலையங்களை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தனர். அழைப்பை ஏற்று வெளியேறியவர்களுள் ஜாகிர் ஹுசைனும் ஒருவர். ஆனால் வெளியேறியதோடு அவர் நின்றுவிடவில்லை. விட்டு வந்த கல்விக்கு மாற்றாக வேறொரு கல்வி வேண்டுமே என்று தலைவர்களிடம் வற்புறுத்தியவர்களுள் அவர் முன்னின்றார்.

1920 அக்டோபர் 29ஆம் நாள் அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தொடங்கப்பட்டது. தொடங்கி வைத்தவர் ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்கள். மால்டா தீவுச் சிறையிலிருந்து விடுதலையாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நோயின் கடுமையால் தம் உரையைத் தாமே படிக்க இயலாமல் மவ்லானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி (ரஹ்) அவர்களைப் படிக்கச் செய்தார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 30ஆம் நாள், ஷைகுல் ஹிந்த் அவர்கள் வஃபாத்தானார்கள். தேவ்பந்தின் தலைமாணாக்கர் ஒருவர், ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்களின் கல்வி நிலையத்துக்குத் தம் மரணப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து துஆச் செய்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மார்க்கக் கல்வி ஒருபுறம், உலகக் கல்வி ஒருபுறம் என்று இன்று நாம் போட்டுக்கொண்டிருக்கும் சுவரை அந்தப் பெரியார் போடவில்லை.

மூடவிருந்த கதவைத் திறந்தவர்கள்

1922இல் ஜாகிர் ஹுசைன் அவர்கள் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றார்கள். பெர்லின் பல்கலைக்கழகத்தில் இந்திய வேளாண்மைப் பொருளாதாரம் குறித்து ஆய்வு செய்து 1926இல் முனைவர் பட்டம் பெற்றார்கள். பட்டத்தை விடப் பெரிய பயன் ஒன்றும் அங்கே கிடைத்தது. கெர்ஷென்ஷ்டைனர் என்ற ஜெர்மானியக் கல்வியாளர் மூனிச் நகரப் பள்ளிகளில் கைவேலையைக் கல்வியின் நடுவே வைத்து நடத்திய முறையை அவர் கருத்தூன்றிக் கற்றார். பெர்லினிலிருந்த ஓர் அச்சகத்தில் காலிபின் கவிதைத் தொகுப்பை அழகிய பதிப்பாக வெளியிட்டபோது, தாமே அமர்ந்து எழுத்துக் கோக்கும் தொழிலையும் பழகிக்கொண்டார். கையும் கருத்தும் சேர்ந்து வேலை செய்தால்தான் கல்வி முழுமை பெறும் என்று பின்னாளில் அவர் சொன்னது ஏட்டறிவு மட்டுமன்று.

இதற்கிடையே இங்கே ஜாமிஆ தள்ளாடியது. 1924இல் துருக்கியில் கிலாஃபத்தே ஒழிக்கப்பட்டது. கிலாஃபத் கமிட்டியின் பண உதவியும் வற்றிப்போனது. 1925இல் ஜாமிஆ அலிகரை விட்டு டெல்லி கரோல் பாக் பகுதிக்கு மாற்றப்பட்டது. ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் தம் சொந்தப் பொருளைப் போட்டு நடத்தினார்கள். மூடிவிடுவதே நல்லது என்று பலரும் எண்ணத் தொடங்கினர். செய்தி பெர்லினை எட்டியதும், ஜாகிர் ஹுசைனும் அவருடைய நண்பர்களான ஆபித் ஹுசைன், முஹம்மத் முஜீப் ஆகியோரும், நாங்கள் வருகிறோம், எங்கள் வாழ்நாளைத் தருகிறோம், மூடாதீர்கள் என்னும் கருத்தில் செய்தி அனுப்பினர். 1926இல் மூவரும் வந்து சேர்ந்தனர். 29 வயதில் ஜாகிர் ஹுசைன் ஜாமிஆவின் துணைவேந்தரானார். பேர்தான் துணைவேந்தர். கையிலிருந்தவை வாடகைக் கட்டடங்கள், கொஞ்சம் மாணவர்கள், நிறையக் கடன்.

150 ரூபாய் உறுதிமொழி

1927 டிசம்பரில் ஹகீம் அஜ்மல் கான் அவர்களும் காலமாகிவிட்டார்கள். அள்ளிக் கொடுத்த கை போய்விட்டது. இனி என்ன செய்வது? பெரிய செல்வந்தர் ஒருவரைத் தேடிப் போவதுதான் நம் வழக்கம். ஜாமிஆவின் ஆசிரியர்கள் வேறு வழி கண்டனர். 1928இல் அவர்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து, 20 ஆண்டுகள் ஜாமிஆவை விட்டுப் போவதில்லை, மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். அந்த 150 ரூபாயும் எட்டாத உச்ச வரம்பாகவே இருந்தது. பல மாதங்கள் பாதிச் சம்பளம். சில மாதங்கள் அதுவுமில்லை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பட்டம் பெற்று வந்தவர்கள் இந்த வாழ்வை மனமார ஏற்றனர்.

இதைச் சொல்லும்போது ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஆசிரியர் பசித்திருந்தால்தான் தியாகம் என்று ஜாகிர் ஹுசைன் கருதவில்லை. அவரே ஊர் ஊராகச் சென்று, நான்கணா எட்டணா என்று சிறு சிறு சந்தாக்களைத் திரட்டும் ஆதரவாளர் வட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். ஆசிரியர்கள் தாங்களாக முன்வந்து ஏற்ற எளிமை வேறு. நிர்வாகம் அவர்கள் மீது சுமத்தும் வறுமை வேறு. முன்னதில் ஆசிரியருக்குக் கண்ணியம் கூடுகிறது. பின்னதில் ஆசிரியர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முகங்களைப் பார்க்கிறார்கள். ஜாமிஆவைக் காத்தது குறைந்த சம்பளம் அன்று. ஒரே ஆசிரியர்கள் 20 ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றதுதான் அதைக் காத்தது.

பாலர் வகுப்பில் துணைவேந்தர்

ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் எதற்கு முதலிடம் தர வேண்டும்? ஜாகிர் ஹுசைன் அவர்கள் தொடக்கப் பள்ளிக்குத் தந்தார்கள். அஸ்திவாரம் சரியில்லாத சுவருக்கு மேல்மாடி எதற்கு என்பது அவர்களின் எண்ணம். ஜாமிஆவின் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் தோட்டம் போட்டனர். சிறு கடையும் வங்கியும் நடத்தினர். கணக்கு அவர்களுக்கு எட்டாத வாய்பாடாக இல்லாமல், தம் கடையின் வரவு செலவாக ஆயிற்று. அவர் பெர்லினில் பழகிய கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி ஜாமிஆவைத் தேடி வந்து சிறு பிள்ளைகளுக்குப் பணி செய்தார். ஆபாஜான் என்று அனைவராலும் அழைக்கப்பட்ட அவர் 1943இல் இறந்து, ஜாமிஆவின் அடக்கத்தலத்திலேயே அடங்கியிருக்கிறார்.

1935 மார்ச் 1ஆம் நாள் டெல்லி ஓக்லாவில் ஜாமிஆவின் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தேசத்தின் பெருந்தலைவர்கள் பலர் ஜாமிஆவுக்கு நெருக்கமாயிருந்த காலம் அது. எனினும் அடிக்கல் நாட்டியது பள்ளியின் ஆக இளைய மாணவன். யாருக்காக இந்தக் கட்டடம் என்பதை ஒரு சிறுவனின் கையால் சொல்லிவிட்டார்கள். கல்வெட்டில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதற்காக நம் ஊர்களில் நடக்கும் சச்சரவுகளை நினைத்துப் பார்க்கிறோம்.

ஜாமிஆ வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. மாணவர்கள் அழுக்கேறிய காலணிகளுடன் வருவதைத் தடுக்க எத்தனையோ முறை அறிவுறுத்தியும் பயனில்லை. ஒரு நாள் காலை வாசலில் ஒருவர் பாலிஷ் டப்பாவும் தூரிகையுமாக அமர்ந்து, வந்த மாணவர்களின் காலணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தால் துணைவேந்தர்! அதன்பின் அங்கே அந்தக் கண்டிப்பு தேவைப்படவில்லையாம்.

மற்றொரு நிகழ்ச்சி நம் கண்களை நனைப்பது. தொடக்கப் பள்ளியில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு அவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார். அவருடைய சிறு மகள் ரைஹானா நோயுற்றிருந்தாள். ஏவலர் வந்து, குழந்தையின் நிலை மோசம் என்று காதில் சொன்னார். அவர் நிற்காமல் வழங்கினார். மறுபடி வந்து, குழந்தை இறந்துவிட்டது என்றார். அவர் முகம் வெளிறியது, கை நிற்கவில்லை. கடைசிப் பிள்ளைக்கும் கொடுத்து முடித்த பின்னரே விவரம் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அத்தனை பிள்ளைகளின் மகிழ்ச்சியை ஏன் கெடுக்க வேண்டும் என்பதே அவருடைய விளக்கமாக இருந்தது. பின்னர் அவர் குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதினார். அபூகானின் ஆடு என்ற கதை அவற்றுள் புகழ் பெற்றது. அக்கதைகளுக்கு அவர் இட்ட புனைபெயர் ருகையா ரைஹானா. மறைந்த மகள் அந்தப் பெயரில் நாட்டின் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வார்தா கல்வித் திட்டம்

1937 அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கல்வியாளர் மாநாடு ஒன்றைக் கூட்டினார். கிராமப் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழில் வழியாகவே கல்வி தரவேண்டும். அத்தொழிலின் வருவாயிலேயே பள்ளியின் செலவு நடக்கவேண்டும் என்பது அவருடைய கருத்து. மாநாட்டில் ஜாகிர் ஹுசைன் ஆமாம் போடவில்லை. கைத்தொழில் வழிக் கல்வி நல்லதே. ஆனால் அது உலகில் இதுவரை எவரும் எண்ணாத புதுமையன்று. பள்ளி தன் செலவைத் தானே ஈட்டியாக வேண்டுமென்றால், ஆசிரியர் பிள்ளைகளை வேலை வாங்கும் மேஸ்திரியாக மாறிவிடும் ஆபத்து உண்டு. இவற்றை அவர் அந்த அவையிலேயே மரியாதையோடு எடுத்துச் சொன்னார். காந்தியடிகள் வருந்தவில்லை, திட்டத்தை வகுக்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார். மறுத்துப் பேசியவரிடமே பொறுப்பை ஒப்படைத்த பெருந்தன்மையும், பொறுப்பேற்ற பின் அதை நாணயமாக நிறைவேற்றிய பண்பும் நம் நிர்வாகக் கூட்டங்களுக்கு நல்ல படிப்பினை.

அந்தக் குழுவில் தமிழர் இருவர் இருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ஒருவர் தஞ்சையில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, மற்றவர் யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகம். 1937 டிசம்பரில் அறிக்கை தயாராயிற்று. 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் அதன் அடிப்படைகளை ஏற்றது. 7 வயது முதல் 14 வயது வரை ஏழாண்டுகள் இலவசக் கட்டாயக் கல்வி, பாடமெல்லாம் தாய்மொழியில், நடுவே ஒரு கைத்தொழில், கணக்கும் அறிவியலும் சமூக அறிவும் அத்தொழிலோடும் பிள்ளையின் சுற்றுப்புறத்தோடும் பின்னி வருதல்: இதுவே திட்டம். தமிழில் இதை ஆதாரக் கல்வி என்று அழைத்தனர்.

இங்கே ஒரு தெளிவு தேவை. நம் மாநிலத்தில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் கைவிடப்பட்ட திட்டம் வேறு. அது பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளையைக் குடும்பத் தொழிலுக்கு அனுப்பியது. ஜாகிர் ஹுசைன் குழுவின் திட்டத்தில் கைத்தொழில் பள்ளிக்குள்ளேயே, ஆசிரியர் கையால், எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலக் கற்பிக்கப்பட வேண்டும்.

ஏன் நிறைவேறவில்லை?

திட்டம் வந்தவுடன் நம் சமுதாயத்திலிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. மார்க்கக் கல்விக்கு அதில் இடமில்லை என்பது முதன்மையான குறை. முஸ்லிம் லீகின் சார்பில் 1938இல் வெளியான பீர்ப்பூர் அறிக்கையும் அதைக் கண்டித்தது. அந்தக் கவலை நியாயமற்றதென்று நாம் சொல்ல மாட்டோம். எனினும், குர்ஆன் ஓதுதலும் தீனியாத்தும் தொழுகையும் அன்றாட வாழ்வாக இருந்த ஒரு நிலையத்தை உயிரைக் கொடுத்து நடத்தியவரையே சமுதாயத் துரோகி போலப் பேசியது நியாயமன்று. அவர் வாதம் வளர்க்காமல் பணியைத் தொடர்ந்தார்.

திட்டத்தை உண்மையில் வீழ்த்தியவை வேறு. கைத்தொழிலையும் பாடத்தையும் இணைத்துக் கற்பிக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதுமான அளவில் உருவாக்கப்படவில்லை. பழைய பள்ளிகளுக்கே ஆதாரப் பள்ளி என்று பலகை மாட்டப்பட்டது. பல இடங்களில் திட்டம் முழுவதும் தக்ளியில் நூல் நூற்பதாகச் சுருங்கிற்று. நூற்ற நூலுக்கும் கணக்குப் பாடத்துக்கும் தொடர்பே இல்லை. அதிகாரிகளும் வசதி படைத்தோரும் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு, ஆதாரக் கல்வியை ஏழைகளுக்குப் பரிந்துரைத்தனர். ஏழைகளும் விவரம் புரிந்தவர்களாயிற்றே. அதை இரண்டாந்தரக் கல்வி என்று ஒதுக்கினர். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உயிரைப் போக்கிவிட்டார்கள் என்று ஜாகிர் ஹுசைன் அவர்களே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்கள். தம் பெயர் தாங்கிய திட்டத்தின் தோல்வியை மூடி மறைக்காத நேர்மை அது.

வளரும் நாடுகளில் எத்தனையோ கல்விச் சீர்திருத்தங்கள் இதே வழியில்தான் கரைந்து போயின. மேலேயிருந்து ஆணை வருகிறது, பலகை மாறுகிறது, பாடநூலின் அட்டை மாறுகிறது. வகுப்பறைக்குள் நிற்கும் ஆசிரியர் அப்படியே விடப்படுகிறார்.

நெருப்பும் பதவிகளும்

1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழா. நாடு வகுப்புக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் எதிரெதிராக நின்ற நேருவும் ஜின்னாவும், ஆசாதும் லியாகத் அலி கானும், நம் ராஜாஜியும் அந்த ஒரே மேடையில் அமர்ந்தனர். அவர்களை நோக்கி ஜாகிர் ஹுசைன் கல்வியாளர் என்ற முறையில் கெஞ்சினார்: யார் மூட்டியது என்று ஆராயும் நேரமல்ல இது, முதலில் இந்த நெருப்பை அணையுங்கள், மனிதம் எரிந்துபோன மண்ணில் நாங்கள் எந்தப் பிள்ளைக்கு எதைக் கற்பிப்போம் என்பது அவருடைய முறையீட்டின் கருத்து. நெருப்பு அணையவில்லை. 1947 ஆகஸ்டில் அவரே ரயில் பயணத்தின்போது ஜலந்தர் நிலையத்தில் கலவரக்காரர்களிடம் சிக்கினார். ஒரு சீக்கியப் படை அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும் அவர் உயிரைக் காத்தனர். கரோல் பாகிலிருந்த ஜாமிஆவின் புத்தக நிலையம் சூறையாடப்பட்டது. அவர் கசந்து போகவில்லை. திரும்பி வந்து அகதிகளுக்குப் பணி செய்தார்.

1948இல் மவ்லானா ஆசாத் அவர்களின் வேண்டுகோளை ஏற்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பிரிவினையால் பேராசிரியர்களும் மாணவர்களும் சிதறி, நம்பிக்கை இழந்திருந்த அந்நிலையத்தை 1956 வரை இருந்து நிமிர்த்தினார். 1957இல் பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத் தலைவர், 1963இல் பாரத ரத்னா, 1967 மே 13இல் குடியரசுத் தலைவர் என்று பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1969 மே 3ஆம் நாள் பதவியிலிருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். அவர் நல்லடக்கம் செய்யப்பட்டது, தம் இளமையைக் கொடுத்து வளர்த்த ஜாமிஆவின் வளாகத்தில். அடுத்த ஆண்டே, 1970இல், நம் தமிழகத்தின் இளையான்குடியில் அவர் பெயரால் ஒரு கல்லூரி தோன்றியது. அவர் வாடகைக் கட்டடத்தில் காத்த ஜாமிஆ 1988இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

நமக்குரிய பாடம்

ஜமாஅத்தார்களே! நம் ஊர்களில் பள்ளிவாசலைச் சார்ந்து மக்தபுகள் நடக்கின்றன. பல ஜமாஅத்துகள் நர்சரிப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் நடத்துகின்றன. அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய நிஃமத். ஆனால் நம் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். சிமெண்ட் எத்தனை மூட்டை, டைல்ஸ் எத்தனை சதுர அடி, யார் யார் எவ்வளவு நன்கொடை என்பவை நயாபைசா சுத்தமாக இருக்கும். அந்தக் கணக்கு அமானிதம், அது வேண்டும். அதற்கு மேலான ஓர் அமானிதம் அந்தப் பிள்ளைகள். அவர்களுடைய கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நிர்வாகிகள் முன்பு மூன்று கணக்குகளை வைக்கிறோம். இனி வரும் ஆண்டறிக்கைகளில் இவையும் இடம்பெற வேண்டும் என்பது நமது பணிவான கோரிக்கை. முதலாவது, சென்ற ஆண்டிருந்த ஆசிரியர்களிலும் உஸ்தாதுகளிலும் எத்தனை பேர் இவ்வாண்டும் இருக்கிறார்கள்? போனவர்கள் ஏன் போனார்கள்? இரண்டாவது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் முன்பின் பார்த்திராத ஒரு தமிழ்ப் பக்கத்தை வாசித்து, அதன் பொருளைத் தம் சொந்த வார்த்தையில் சொல்கிறார்கள்? மக்தபில் எத்தனை பிள்ளைகள் தாம் மனனம் செய்த சிறிய சூராவின் கருத்தைச் சொல்கிறார்கள்? மூன்றாவது, ஆண்டில் திரட்டிய கல்வி நிதியில் கட்டடத்துக்குப் போனது எவ்வளவு, கற்பிப்பவர்களுக்குப் போனது எவ்வளவு?

இவற்றைக் கேட்க வெளிநாட்டு நிபுணர் வரவேண்டியதில்லை. ஒரு புத்தகத்தையும் ஒரு பிள்ளையையும் எதிரே வைத்துக்கொண்டு நிர்வாகி ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்தால் போதும். விடை மனதுக்கு உவப்பாக இல்லாமலிருக்கலாம். ஆதாரக் கல்வியின் நிலையை ஜாகிர் ஹுசைன் அவர்கள் மறைக்காததைப் போல நாமும் மறைக்காமல் எழுதுவோம். மறைத்த நோய்க்கு மருந்தில்லை.

6 வயது முதல் 14 வயது வரை கல்வி ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்று 2009இல் சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வார்தா அறிக்கை கேட்டதில் ஒரு பகுதி 70 ஆண்டுகள் கழித்துச் சட்டமாயிற்று. ஆனால் சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். வாசலுக்கு உள்ளே அதன் கையைப் பிடிப்பவர் ஆசிரியர். அந்தக் கையை நடுங்காமல் வைத்திருப்பது சமுதாயத்தின் பொறுப்பு. பத்ருக் கைதிகளின் மீட்புத் தொகையில் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்த கணக்கும் இதுவே.

வல்ல நாயன் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் நற்பணிகளை ஏற்று, கப்ரை ஒளிமயமாக்குவானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நம் ஆசிரியர்களுக்கும் உஸ்தாதுகளுக்கும் கண்ணியமான வாழ்வையும், நம் நிர்வாகிகளுக்குத் தொலைநோக்கையும் தந்தருள்வானாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.